நான்காம் பெட்டி

கோயம்புத்தூர்,
2 ஜூன் 2025

அன்புள்ள அனு,

நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். போனை எடுக்க மாட்டேன், கடிதம் போட்டால் படிக்கிறேன் என்று உன் அக்காவிடம் சொல்லியனுப்பினாயாம். கையால் எழுதிப் பல வருஷமாயிற்று. எழுத்து கோணல்மாணலாக வருகிறது, பொறுத்துக்கொள்.

நம் மேலூர் வயல் ஆராய்ச்சிக்கு இது மூன்றாவது வருஷம், கடைசி வருஷம். பாதி வயலில் பசுந்தாள் உரத்துக்குத் தக்கைப்பூண்டு விதைத்து, மடக்கி உழுது, அப்புறம் நெல் நடுகிறோம். மறுபாதியைச் சும்மா போட்டுவிட்டு நெல் நடுகிறோம். இரண்டு பாதியிலும் மண்ணிலிருந்து எந்த வாயு எவ்வளவு கிளம்புகிறது என்று பார்க்க வேண்டும். போன வருஷம் குப்பி பிடித்த ஸ்டீபன்ராஜ் வேறு வேலைக்குப் போய்விட்டான். அந்த வயலில் புது ஆள் யாரும் கால் வைக்க வேண்டாம், நானே பிடிக்கிறேன் என்று நீ சொன்னதாக அக்கா சொன்னார். சரி என்று சொல்வதைத் தவிர எனக்கு என்ன இருக்கிறது.

வேலை சுலபம்தான். ஆறு இடத்தில் தகரச் சட்டம் மண்ணில் இறங்கியிருக்கும். ஒன்று முதல் மூன்று வரை சும்மா போட்ட பாதியில், நான்கு முதல் ஆறு வரை பூண்டுப் பாதியில். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒவ்வொரு சட்டத்தின் மேலும் கண்ணாடிப் பெட்டியைக் கவிழ்த்து, கவிழ்த்தவுடனே ஊசியால் ஒரு குப்பி காற்று எடு. அரை மணி கழித்து இன்னொரு குப்பி. முதல் குப்பியில் இருப்பது வெறும் காற்று. இரண்டாவதில் கூடுதலாக இருப்பதுதான் மண் விட்ட வாயு. பொதிந்து கூரியரில் அனுப்பு.

விதை மூட்டை தனியாக வருகிறது. வள்ளிக்கண்ணுவைத் தூவச் சொல். எனக்கு இங்கே ரிவ்யூ மீட்டிங் இருக்கிறது, வர இயலாது.

அன்புடன்,
வளவன்


மேலூர், ஸ்ரீரங்கம்,
8 ஜூன் 2025

குயிலி அப்பாவுக்கு,

இப்படிக் கூப்பிட்டுத்தான் பழக்கம், வேறு பெயர் எழுத வரவில்லை. அவள் போய் ஜூலை வந்தால் இரண்டு வருஷம். அதற்காக நீங்கள் அவள் அப்பா இல்லை என்று ஆகிவிடுமா.

விதை வந்தது. சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துக் கூரியர்க் கடையிலிருந்து நானே ஸ்கூட்டியில் வைத்துக் கொண்டுவந்தேன். ஸ்கூல் திறந்தாயிற்று. பத்தாம் வகுப்புக் கணக்கு இந்த வருஷமும் என் தலையில்தான்.

ரிவ்யூ மீட்டிங்காம். போன வருஷம் ஜூனில் பயிற்சி வகுப்பு, ஆகஸ்டில் டெல்லி, நவம்பரில் காய்ச்சல். கோயம்புத்தூர்க் காய்ச்சல் அறுவடை நாள் பார்த்து வரும்போலிருக்கிறது.

வள்ளிக்கண்ணு தூவ மாட்டேன் என்கிறாள். இத்தனை வருஷமாக நம் வயலில் வேலை செய்கிறவள், ஒரு வேலையை மாட்டேன் என்று சொல்லி நான் கேட்டதில்லை. வரப்பில் உட்கார்ந்து வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னாள்: "பாப்பா உள்ள ஓடுனதக் கடைசியாப் பாத்தது நான்தாம்மா. பூண்டு எம் மாரு ஒசரம். அய்யா தூவுன பூண்டு. அவரே வந்து தூவட்டும். வேற ஆளு தூவுனா, புள்ள அப்பாவத் தேடிக்கிட்டு அங்கேயேதான் நிக்கும்."

நான் படித்தவள். விரியன் கடித்துச் செத்த பிள்ளை வயலில் நிற்காது என்று எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் என் மடியில்தான் கிடந்தாள். ஆனாலும் விதை மூட்டையைத் திரும்ப வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டேன்.

கடைசி வருஷம் என்கிறீர்கள். வந்து ஒரு முறை அந்த வயலில் இறங்கி நில்லுங்கள். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் மாற்றல் வாங்கிக்கொண்டு போனவர், அப்புறம் அந்த வரப்பை மிதிக்கவேயில்லை. வேறெதுவும் உங்களிடம் கேட்கவில்லை. இந்த வருஷமும் வராவிட்டால், வயலோடு நமக்குள்ளும் எல்லாம் முடிந்தது என்று எடுத்துக்கொள்வேன். கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைக்காதீர்கள். நன்றாக யோசித்துத்தான் எழுதுகிறேன்.

வேளைக்குச் சாப்பிடுங்கள்.

அனுசுயா


கோயம்புத்தூர்,
13 ஜூன் 2025

அன்புள்ள அனு,

உன் கடிதத்தைப் பலமுறை படித்தேன். ஜூனில் முடியவே முடியாது. ஆகஸ்டில் பூண்டை மடக்கி உழும் அன்றைக்குக் கட்டாயம் வருகிறேன். இதை வாக்காக எடுத்துக்கொள்.

நீ நினைப்பதுபோல் நான் அந்த வயலை மறந்துவிட்டு இருக்கவில்லை. தினமும் அதன் கணக்கோடுதான் உட்கார்ந்திருக்கிறேன். பூண்டு மண்ணுக்குச் சத்து, உரச் செலவு குறையும் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். காற்றுக்கு அது நல்லதா கெட்டதா என்பதுதான் கேள்வி. போன வருஷக் கணக்கு நன்றாக இல்லை. பச்சையாக உழுத கையோடு தண்ணீர் கட்டிவிட்டோம். சேற்றுக்குள் மூச்சில்லாமல் அழுகி, சும்மா போட்ட பாதியைப்போல இரண்டு மடங்குக்கு மேல் மீத்தேன் விட்டிருக்கிறது. இந்த வருஷம் உழுதுவிட்டுப் பதினைந்து நாள் காயவிடுவோம், அப்புறம் தண்ணீர் கட்டுவோம். குறையும். குறைந்தே ஆக வேண்டும், அனு.

வள்ளிக்கண்ணுவிடம் நான் சொன்னதாகச் சொல்லிப் பார்.

வளவன்


மேலூர்,
22 ஜூன் 2025

குயிலி அப்பாவுக்கு,

நீங்கள் சொன்னதாகச் சொன்னேன். "அவரே வந்து சொல்லட்டும்" என்று மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டாள். கடைசியில் நானே தூவினேன். எனக்குக் கை வீச்சுப் போதாது. ஓரிடத்தில் அடர்த்தியாகவும் ஓரிடத்தில் சொட்டையாகவும் முளைத்திருக்கிறது. கணக்கு டீச்சர் விதைத்த லட்சணம் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

முதல் குப்பிகள் இத்துடன் வருகின்றன. நான்காம் பெட்டியின் சட்டத்தை மட்டும் கொஞ்சம் கிழக்கே தள்ளி இறக்கியிருக்கிறேன். எந்த இடம் என்று உங்களுக்குத் தெரியும். கணக்கு கெட்டுவிடும் என்று ஆரம்பிக்காதீர்கள். உங்கள் பூண்டு அங்கேயும்தான் முளைத்திருக்கிறது.

முக்கொம்புக்குத் தண்ணீர் வந்துவிட்டது. சாயந்திரம் காவிரிப் பாலத்தில் நிற்க இடமில்லை. எல்லோரும் பிள்ளைகளைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தார்கள். நான் வண்டியை நிறுத்தாமல் வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் பத்தாம் தேதி ஞாயிறு உழவுக்கு டிராக்டர் சொல்லிவிட்டேன். வாக்கு ஞாபகம் இருக்கட்டும்.

அனுசுயா


கோயம்புத்தூர்,
4 ஜூலை 2025

அன்புள்ள அனு,

குப்பிகள் பத்திரமாக வந்தன. நீ பிடித்ததில் ஒரு குறை சொல்ல முடியாது. ஸ்டீபன்ராஜைவிட ஒழுங்கு.

ஒரே ஒரு சந்தேகம். வெளிக்காற்றில் கரியமில வாயு பத்து லட்சத்தில் நானூற்றுச் சொச்சம் பங்கு இருக்கும். பெட்டியைக் கவிழ்த்தவுடன் எடுக்கும் முதல் குப்பியில் அதுதான் வர வேண்டும். ஐந்து பெட்டியில் அப்படித்தான் வருகிறது. நான்காம் பெட்டியில் மட்டும் இரண்டாயிரத்துத் தொள்ளாயிரம். மண் மூச்சு விட ஆரம்பிக்கும் முன்னாலேயே அவ்வளவு. மீத்தேனும் மற்றதும் சாதாரணமாக இருக்கிறது, இது ஒன்றுதான் ஏறியிருக்கிறது. ரப்பர் மூடி பழசாகியிருக்கலாம். புது மூடிகள் அனுப்பியிருக்கிறேன். ஊசியையும் மாற்றிவிடு.

வளவன்


மேலூர்,
13 ஜூலை 2025

குயிலி அப்பாவுக்கு,

மூடி மாற்றினேன், ஊசி மாற்றினேன். இனி உங்கள் மெஷினை மாற்றிப் பாருங்கள்.

பூண்டு என் இடுப்புக்கு வந்துவிட்டது. கம்பால் தட்டிக்கொண்டுதான் உள்ளே போகிறேன், பயப்பட வேண்டாம். வள்ளிக்கண்ணு வரப்போடு நின்றுவிடுகிறாள். உள்ளே போய் உட்கார்ந்துவிட்டால் ரோட்டில் போகும் பஸ் சத்தம்கூட அடங்கிப்போகிறது. காற்றே இல்லாத நாளில் எனக்குப் பின்னால் மட்டும் செடி அசைகிற மாதிரி இருக்கும். திரும்ப மாட்டேன். திரும்பினால் ஒன்றும் இருக்காது என்பதால்தான் திரும்புவதில்லை.

நான்காம் பெட்டி கவிழ்த்த சற்று நேரத்தில் உள்பக்கம் பனித்துவிடுகிறது. மண்ணின் ஈரம் என்பீர்கள். எனக்கு அவள் பஸ் ஜன்னல் கண்ணாடியில் வாயை வைத்து ஊதி, விரலால் படம் போடுவதுதான் ஞாபகம் வருகிறது. அந்த அரை மணியும் அந்தக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டேதான் உட்கார்ந்திருப்பேன்.

போன வியாழக்கிழமை திதி. உங்கள் பெயரையும் சொல்லித்தான் அம்மா மண்டபப் படித்துறையில் கொடுத்தார்கள்.

அனுசுயா


கோயம்புத்தூர்,
21 ஜூலை 2025

அன்புள்ள அனு,

நான்காம் பெட்டியில் எல்லா வாரமும் அப்படியேதான் வருகிறது. பதின்மூன்றாம் தேதிக் குப்பியில் மூவாயிரத்தைத் தாண்டிவிட்டது. மெஷினில் கோளாறு இல்லை. ஆட்கள் மதியச் சாப்பாட்டுக்குப் போன நேரம் ஒரு காலிப் பெட்டியைக் கவிழ்த்துவைத்து, அதன் ஓரத்தைத் தூக்கி உள்ளே வாயை வைத்துக் கொஞ்ச நேரம் ஏதோ பேசினேன். பெருக்கல் வாய்ப்பாடு சொன்னேன் என்று நினைக்கிறேன். அதிலிருந்து குப்பி எடுத்து ஓட்டினேன். திரையில் அதே அளவு வந்தது.

அது மனுஷ மூச்சு, அனு.

பெட்டியை மூடுவதற்கு முன் நீ அதற்குள் பேசுகிறாய். கொஞ்சமாக இல்லை, ரொம்ப நேரம் பேசுகிறாய். இரண்டு வருஷமாக என்னிடம் பேசாத பேச்சு முழுவதும் ஒரு வரி எண்ணாக என் மேஜைக்கு வந்துகொண்டிருக்கிறது. லேப்பில் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். யாரோ வந்து விளக்குப் போட்டபோதுதான் இருட்டியதே தெரிந்தது.

என்ன பேசுகிறாய்? சொல்ல வேண்டாம் என்றால் சொல்லாதே. நிறுத்து என்று சொல்ல மாட்டேன். கரியமில வாயுக் கணக்கில் அந்தப் பெட்டியை நான் விட்டுவிடுகிறேன்.

வளவன்


மேலூர்,
27 ஜூலை 2025

குயிலி அப்பாவுக்கு,

அட, அதைக்கூடக் கண்டுபிடித்துவிடுமா உங்கள் மெஷின். முதலில் வெட்கமாக இருந்தது. அப்புறம் சிரிப்பு வந்தது. அப்புறம் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

ஆமாம், பேசுகிறேன். பெரிதாக ஒன்றுமில்லை. அவள் கூடப் படித்த பெலிண்டா இப்போது மூன்றாம் வகுப்பு, முன்பல் விழுந்து முளைத்துவிட்டது என்று சொன்னேன். மாம்பழச் சாலையில் பழக்கடைக்காரர் இன்னும் அவளைக் கேட்கிறார், ஊருக்குப் போயிருக்கிறாள் என்று பொய் சொல்லி வைத்திருக்கிறேன் என்று சொன்னேன். அன்றைக்குக் காலையில் தலை பின்ன நிற்கவில்லை என்று முதுகில் ஒன்று வைத்தேனே, வலித்ததா என்று கேட்டேன். வெளியில் சொன்னால் காற்றில் போய்விடும். பெட்டிக்குள் சொன்னால் அங்கேயே இருக்கும் என்று ஒரு நினைப்பு. நீங்கள் கோயம்புத்தூருக்குப் போனீர்கள். நான் பெட்டிக்குள் தலையை விட்டேன். இரண்டு பேரில் யாருக்குப் பைத்தியம் என்று நீங்களே சொல்லுங்கள்.

அவளிடம் நீங்கள் இன்னும் ஒன்றுமே சொல்லவில்லை. ஆஸ்பத்திரியிலும் சொல்லவில்லை, ஓயாமரிச் சுடுகாட்டிலும் சொல்லவில்லை. டாக்டரிடம் மருந்துப் பெயர் கேட்டீர்கள், ஐயரிடம் சாமான் பட்டியல் கேட்டீர்கள். பத்தாம் தேதி வாருங்கள். உழுதுவிட்டால் அந்தப் பூண்டு இருக்காது. அதற்கு முன்னால் வந்து சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுங்கள்.

அனுசுயா


கோயம்புத்தூர்,
14 ஆகஸ்ட் 2025

அனு,

நான் வந்தேன்.

நீ நம்பமாட்டாய். சத்திரத்தில் இறங்கி டவுன் பஸ் பிடித்து மேலூர் வரைக்கும் வந்தேன். வாழைத்தோட்டத்து ஓரமாக நடந்து வந்தபோது டிராக்டர் வரப்போரம் நின்றுகொண்டிருந்தது. இன்னும் உழ ஆரம்பிக்கவில்லை. எனக்காக நிறுத்தி வைத்திருக்கிறாய் என்று புரிந்தது. நீ ரோட்டைப் பார்த்துக்கொண்டு வரப்பில் நின்றாய். பச்சைப் புடவை, கையில் கம்பு. உன் பின்னால் பூண்டு ஆள் உயரத்துக்கு நின்றது. கால் அதற்கு மேல் போகவில்லை. வாழை மறைவில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். கடைசியில் நீ கையை அசைத்தாய், டிராக்டர் இறங்கியது. நான் திரும்பிவிட்டேன்.

இனி மறைத்து என்ன. பூண்டு நல்லது, காற்றுக்கும் நல்லது, ஊரெல்லாம் விதைக்கலாம் என்று எழுதிவிட்டால், அவள் போனதற்கு ஏதோ ஒரு அர்த்தம் வந்துவிடும் என்று நினைத்தேன். கெடுதல் என்று வந்துவிட்டால், ஒரு கெட்ட செடியை என் கையால் தூவி என் பிள்ளையை அதற்குள் ஓடவிட்டேன் என்று ஆகும். இரண்டு வருஷமாக ஒவ்வொரு குப்பியையும் இந்தப் பயத்தோடுதான் மெஷினில் ஏற்றுகிறேன்.

உன்னிடம் மன்னிப்புக் கேட்கக்கூட எனக்குத் தைரியம் இல்லை.

வளவன்


கோயம்புத்தூர்,
3 செப்டம்பர் 2025

அன்புள்ள அனு,

குப்பிகள் மட்டும் வந்தன, கடிதம் இல்லை. போன வாரமும் இல்லை. கூரியர்ப் பெட்டியைக் கொட்டிக் கவிழ்த்து, சுற்றியிருந்த செய்தித்தாளை எல்லாம் பிரித்துப் பார்த்துவிட்டேன்.

நான்காம் பெட்டி, முதல் குப்பி: நானூற்றுப் பதினெட்டு. வெறும் காற்று. நம்பாமல் திரும்ப ஓட்டினேன். அதே எண்.

நீ அவளிடம் பேசவில்லை. என்னிடம் பேசாதது எனக்குப் பழகிவிட்டது, அவளிடமும் ஏன் நிறுத்தினாய்? உடம்புக்கு முடியவில்லையா? அக்காவிடம் கேட்டால், நன்றாகத்தான் இருக்கிறாள், நடவு முடிந்துவிட்டது என்கிறார். பயமாக இருக்கிறது, அனு. அந்த எண் ஏறியிருந்தவரை அங்கே நீங்கள் இரண்டு பேரும் இருக்கிறீர்கள் என்று ஒரு நினைப்பு எனக்கு இருந்தது. இப்போது வயலில் யாருமே இல்லாத மாதிரி இருக்கிறது.

ஒரு வரி எழுது.

வளவன்


மேலூர்,
10 செப்டம்பர் 2025

குயிலி அப்பாவுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. உங்கள் ஆகஸ்ட் கடிதத்தைப் படித்த பிறகு பெட்டியைக் கையில் எடுத்தால் பேச்சு வரவில்லை, அவ்வளவுதான்.

வாழை மறைவில் நின்றீர்களா. அன்றைக்கு டிராக்டர்காரர் இரண்டு தடவை ஹாரன் அடித்தார். வருவார், கொஞ்சம் பொறுங்கள் என்று கெஞ்சிக்கொண்டிருந்தேன். நீங்கள் கூப்பிடு தூரத்தில் நின்று வேடிக்கை பார்த்திருக்கிறீர்கள். படித்தபோது உங்களை நாலு அறை விட வேண்டும் போல இருந்தது. இன்னும் இருக்கிறது.

ஆனால் ஒன்று விளங்கியது. நீங்கள் பயந்தது பூண்டுக்கு இல்லை, பாம்புக்கு இல்லை, அவளுக்கும் இல்லை. வரப்பில் நின்ற எனக்கு. நான் கேட்டுவிடுவேன் என்று பயம். பூண்டு விதைத்ததற்காக ஒரு நாளும் உங்களை நான் குற்றம் நினைத்ததில்லை. யார்தான் பிள்ளையைக் கொல்ல விதை தூவுவார்கள்? என்னை இந்த வீட்டில் தனியாகப் போட்டுவிட்டுப் போனீர்களே, அதை மட்டும்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. அது வேறு வழக்கு. அதை நாம் அப்புறம் பார்ப்போம்.

இருபத்தொன்றாம் தேதி ஞாயிறு நான் வயலுக்கு வரமாட்டேன். காலையிலேயே பொன்மலைக்கு அக்கா வீட்டுக்குப் போய்விடுவேன், பொழுது சாய்ந்துதான் திரும்புவேன். வள்ளிக்கண்ணுவையும் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வயலில் தண்ணீர் நிற்கிறது. பெட்டிக்குப் பக்கத்தில் பலகை போட்டு வைக்கிறேன், அதில் மண்டி போடுங்கள். உங்களை யாரும் பார்க்க மாட்டார்கள். வீட்டுச் சாவி வள்ளிக்கண்ணுவிடம் இருக்கும்.

அன்றைக்கும் வராவிட்டால், திங்கட்கிழமை ஆறு பெட்டியையும் பொதிந்து உங்கள் ஆபீஸுக்கு அனுப்பிவிடுவேன். அதில் கடிதம் எதுவும் இருக்காது, இனி எப்போதும் இருக்காது.

அனுசுயா


மேலூர், நம் வீடு,
21 செப்டம்பர் 2025, சாயந்திரம்

அன்புள்ள குயிலி அம்மா,

இதைச் சாப்பாட்டு மேஜையில் வைத்துவிட்டுப் போகிறேன். உன் எதிரில் எனக்கு வாய் வராது, அதனால் எழுதிவைக்கிறேன்.

வள்ளிக்கண்ணு சாவியைக் கொடுத்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். "போங்கய்யா, ரொம்ப நாளாக் காத்துக் கெடக்கு" என்று மட்டும் சொன்னாள். எது என்று நான் கேட்கவில்லை.

வயலில் இறங்கினேன். ஒவ்வொரு அடிக்கும் காலைச் சுற்றிக் குமிழ் குமிழாக வந்தது. அது என்ன வாயு, எதனால் வருகிறது, எவ்வளவு என்பது வரை எனக்குத் தெரியும். உழுது புதைத்த பூண்டு கீழே அழுகிக்கொண்டிருக்கிறது, அதுதான். தெரிந்தும் குனிந்து பார்த்துக்கொண்டேதான் நடந்தேன். என் முன்னால் யாரோ நடந்து போகிற மாதிரி, நான் கால் வைக்காத இடத்திலும் குமிழ் வந்துகொண்டே போனது. நான்காம் பெட்டி வரைக்கும் அதன் பின்னாலேயே போனேன்.

மண்டி போட்டுப் பெட்டியைத் தூக்கித் தலையை உள்ளே விட்டேன். என்ன சொல்வதென்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தது ஒன்றுகூட வரவில்லை. "அப்பா வந்துட்டேன்டா குட்டி" என்றேன். அதற்கு மேல் அழுகைதான். எவ்வளவு நேரம் என்று தெரியாது. கண்ணாடி முழுவதும் பனித்து, எதிரில் நெல்லே தெரியவில்லை. அவள் என்னைத் தேடவில்லை, அனு. நான்தான் அவளைத் தேடாமல் இருந்தேன்.

குப்பி எடுக்கவில்லை. இன்றைய தேதிக்கு நான்காம் பெட்டியில் ஒன்றும் எழுத மாட்டேன். மற்றதெல்லாம் உள்ளபடி எழுதுவேன். காயவிட்டதால் மீத்தேன் போன வருஷத்தைவிடக் குறைந்திருக்கிறது, ஆனால் சும்மா போட்ட பாதியைவிட இன்னும் கூடத்தான். காய்ந்த நாட்களில் நைட்ரஸ் ஆக்சைடும் கொஞ்சம் ஏறியிருக்கிறது. மண் முன்னைவிடக் கறுத்துப் பொலபொலவென்று இருக்கிறது. நல்லதும் இருக்கிறது, கெட்டதும் இருக்கிறது. அது ஒரு செடி, அவ்வளவுதான். அதைக் காப்பாற்றவும் வேண்டாம், தண்டிக்கவும் வேண்டாம்.

நீ சொன்ன அந்த இன்னொரு வழக்கு பாக்கி இருக்கிறது. அதற்கு என்னிடம் எந்தச் சமாதானமும் இல்லை. நீ அறைய வேண்டும் என்றால் அறை.

நீ இதைப் படிக்கும்போது கொல்லைப்பக்கம் கிணற்றடியில் இருப்பேன். கேட் திறக்கும் சத்தம் அங்கே நன்றாகக் கேட்கும். கேட்டாலும் நானாக உள்ளே வர மாட்டேன். படித்து முடித்ததும் கூப்பிடு. கூப்பிடவில்லை என்றால், கடைசி பஸ்ஸுக்குக் கொல்லை வழியாகவே போய்விடுகிறேன்.

வளவன்